நிலாவில் அத்தையின் பெருவிரல்

அறிவியலையும் கலையையும் கலந்து கண்காட்சி வைத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். காரணம் கல்லிடைக்குறிச்சி அத்தை.

அப்போது நான் பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. அப்பாவின் அக்காளான அத்தை, ஊரில் அப்பளம் இட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவளை அறிவியல் காட்சியகத்துக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அறிவியலையும் கலையையும் கலந்து ஊர் ஊராகச் சுற்றிவந்த புகைப்படக் கண்காட்சி ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது.

கதவளவு படம் ஒன்றின் முன்னால், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட வழிகாட்டி பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இது நிலா, இதெல்லாம் விண்கல் விழுந்த பள்ளம், இந்தக் கறுப்பு பழைய எரிமலைக் குழம்பு என்று ஒரே முழக்கம். அந்தக் கூட்டத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள்.

அத்தை கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இது சுட்ட அப்பளம்லா!"

"அம்மா, தள்ளி நில்லுங்க. இது நிலா."

"மாவுல அப்பளக்காரம் கூடிப்போனா இப்படித்தான் கொப்புளிக்கும் அண்ணாச்சி. ஓரத்துல அமுங்கியிருக்கு பாருங்க, அது என் பெருவிரலு. போன மாசம் ஒரு தம்பி காமிராவோட வந்து, எங்க வீட்டுல நாள் பூரா இதைத்தான் படம் பிடிச்சிட்டுப் போச்சு."

"அப்பளம் சுடுறவங்கள்லாம் நிலாவுக்குப் பாடம் எடுக்க வந்துட்டாங்க," என்றார் அவர். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். என்ன திமிர்! ஆனால் எனக்கு அன்றைக்கு ஆத்திரம் வந்தது அவர் மேல் இல்லை, அத்தை மேல்.

அவள் கையைப் பிடித்து இழுக்கும்போதுதான் படத்தின் மூலையைப் பார்த்தேன். எறும்பளவு இங்கிலீஷ் எழுத்தில் படம் பிடித்தவர் பெயர், காமிராவின் பெயர். கடைசி வரியில், 'தணலில் சுட்ட அப்பளம், கல்லிடைக்குறிச்சி'. காமிராவுக்குக் கூடப் பெயர் போட்டவருக்கு அத்தையின் பெயரைப் போட மனசு வரவில்லை. வழிகாட்டி அந்த வரியைப் படித்ததே இல்லை போலிருக்கிறது. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். சத்தமாக ஒருதரம் வாசித்திருந்தால் போதும்.

வாசிக்கவில்லை. வாசித்தால் அவள் என் அத்தை என்று தெரிந்துவிடும், மறுநாள் வகுப்பில் எனக்கு அப்பளம் என்றே பெயர் விழுந்துவிடும்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை கேட்டாள். "ஏட்டி, மூலையில என்னமோ பொடி எழுத்துல போட்டிருந்துச்சே, நீ கூட நின்னு பார்த்தியே, என்னது அது?"

"ஒண்ணுமில்ல அத்தே. காமிரா பேரு."

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்படின்னா நிலாவாத்தான் இருக்கும்," என்றாள்.

ஒருவழியாக ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. தன் கையால் இட்ட அப்பளம் அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா, யாருக்காக அதை நிலா என்று விட்டுக்கொடுத்தாள் என்றெல்லாம் யோசிக்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.