பின்னேரம் ஒன்றாகச் சேமிக்கலாம்

கிளிநொச்சியில் ராஜினி கணினி படிப்பிக்கப் போன ஐந்து பேரும் அவளைவிட மூத்தவர்கள். அவர்களில் தவராசா, அவள் பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய காலத்திலேயே கணினி நிரல் எழுதிச் சம்பாதித்தவர். பொருளாதாரத் தடை இருந்த அந்த நாட்களில், மண்ணெண்ணெய் ஊற்றி ஓடவிட்ட ஜெனரேற்றரில் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம்தான் கணினி வேலைசெய்யும். மீதி நேரம் கொப்பியில் நிரலை எழுதி எழுதிப் பார்ப்பாராம். முதல் நாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொன்னார்:

“ரீச்சருக்கு இன்னும் பால்பல்லு விழேல்லைப் போல.”

ராஜினியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். சிரித்தபடியே வரவுப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டாள்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு வந்து வவுனியா நெளுக்குளத்தில் குடியேறியவர் அவளுடைய அப்பா. அரிசி ஆலையில் மூட்டை சுமந்தார். அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். ‘மகள் கம்பியூட்டர் படிச்சவள்’ என்று அவர் சந்தியில் நின்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கூசும். டொட் நெற் என்ற, நிரல் எழுதும் புதிய கட்டமைப்பைத்தான் அவள் படிப்பிக்க வந்திருந்தாள்; அதை அவள் கற்றது கொழும்பில் நடந்த ஐந்து நாள் வகுப்பிலும் ஒரு தடித்த புத்தகத்திலும். அதில் அவள் எழுதிய எதையும் இதுவரை ஒருவரும் பயன்படுத்தியதில்லை. இது வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்ததால்தான் வகுப்பில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தாள்.

பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவரும் தாம் முன்பு எழுதிய ஒரு நிரலைப் புதிய முறையில் திருப்பி எழுத வேண்டும். தேறியவர்களுக்குப் பயிற்சியை நடத்திய தொண்டு நிறுவனத்தில் ஒரு வருட வேலை கிடைக்கும். தவராசா எடுத்துக்கொண்டது இரத்தம் கொடுப்போர் பட்டியல். அதே கட்டடத்தின் முன்னறையில் அமராவதி என்ற தொண்டர் அதை நடத்திவந்தார். வருகிறவரின் பெயரையும் இடத்தையும் இரத்த வகையையும் முதலில் கொப்பியில் எழுதுவார், பிறகு கணினியில் பதிவார். தவராசாவின் பழைய நிரல் ஒவ்வொரு பெயரையும் அந்தக் கணமே கணினியின் வன்வட்டில் எழுதி, இன்னொரு பிரதியும் எடுத்து வைக்கும்.

புதிய நிரலிலும் அவர் அதையே செய்திருந்தார். ராஜினி புத்தகத்தை விரித்துக் காட்டினாள். தரவுத்தளத்தைத் தொட்டதற்கெல்லாம் திறக்கக் கூடாது, வேண்டியதை நினைவகத்துக்கு எடுத்து அங்கேயே சேர்த்துத் திருத்தி இறுதியில் ஒரே தடவையில் திருப்பி எழுத வேண்டும், அதுதான் முறை என்றாள். கொப்பி எழுதுவதும் இரட்டை வேலை, கணினியில் பதிந்து பின்னேரம் ஒன்றாகச் சேமித்தால் போதும் என்று அமராவதியிடம் சொன்னாள். தவராசா புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் புத்தகம் எழுதினவனுக்குக் கறண்ட் போறதில்லைப் போல.”

“அண்ணை, முறை எண்டால் முறைதான். இப்பிடியே விட்டால் பத்து மார்க்ஸ் குறையும்.”

“மார்க்ஸ் போடுறது நீங்கள்தானே ரீச்சர்,” என்று சொல்லிவிட்டு அவர் மாற்றி எழுதினார். வீட்டில் அவருக்கு மூன்று பிள்ளைகள்.

ஆவணியில் வடக்கே முகமாலைப் பக்கம் சண்டை தொடங்கியது. வவுனியாவுக்குப் போகும் ஓமந்தைப் பாதை பூட்டப்பட்டது. ராஜினியால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. சண்டை தொடங்கிய கிழமையில் ஒரு நாள் காலை, இரத்தம் கொடுக்கப் பெயர் பதியவென்று சனம் முன்னறையில் திரண்டது. அமராவதி கொப்பியில் எழுதாமல், தவராசாவின் புதிய நிரலில் நேரே பதிந்துகொண்டிருந்தார். பதினொரு மணிக்குள் அறுபத்தொரு பேர்.

விமானச் சத்தம் கேட்டால் ஜெனரேற்றருக்குக் கிட்ட நிற்கிறவர் அதை நிறுத்த வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு. எஞ்சின் இரைந்தால் கிபிர் விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அன்றைக்குக் கிட்ட நின்றது ராஜினி. எல்லாரும் வெளியே ஓட, அவள் ஜெனரேற்றரின் ஆளியைத் திருப்பி நிறுத்திவிட்டு வளவிலிருந்த பங்கர்க் குழிக்குள் குதித்தாள். தானும் அந்த ஊர் ஒழுங்குக்குப் பழகிவிட்டேன் என்று அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

குண்டுகள் தூரத்தில் விழுந்தன. மண் உதிர்ந்தது. தவராசா தலையைத் துடைத்துக்கொண்டு அமராவதியிடம் கேட்டார்:

“சேவ் குடுத்தனீங்களோ அக்கா?”

“பின்னேரம் ஒண்டாக் குடுக்கலாம் எண்டுதானே ரீச்சர் சொன்னவா.”

ஜெனரேற்றர் நின்றதோடு, நினைவகத்தில் மட்டும் இருந்த அறுபத்தொரு பெயர்களும் அழிந்துவிட்டிருந்தன. மின்சாரம் நின்றாலும் கணினியைத் தாங்கவேண்டிய யு.பி.எஸ் பற்றரி செத்து மாதக்கணக்காகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் ஒரு தாய்க்குப் பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. அவளுடைய வகை ஓ நெகட்டிவ். பழைய பட்டியலில் அந்த வகையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பாதை பூட்டியதால் வவுனியாவில் நின்றுவிட்டார். மற்றவர் போன கிழமைதான் இரத்தம் கொடுத்தவர். முந்தின நாள் காலை வந்தவர்களில் ஒரு ஓ நெகட்டிவ் இருந்ததாக அமராவதிக்கு நினைவிருந்தது. உயரமான மனிதர், கோடு போட்ட சாரம். பெயர் வரவில்லை. இடம் தருமபுரமோ விசுவமடுவோ. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ரவுனைச் சுற்றி அறிவித்தார்கள். தவராசா மோட்டார் சைக்கிளில் தருமபுரம் வரைக்கும் போய்க் கடை கடையாக விசாரித்துவிட்டுப் பொழுது சாய வந்தார். அதற்குள் தாய் போய்விட்டாள். பிள்ளை தப்பியது.

ராஜினி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது தவராசா தடுத்தார். பிழையென்று தெரிந்துகொண்டு எழுதியவன் தான்தான், அவளுக்கு அது தெரியாமலாவது இருந்தது என்றார். வெளியே தெரிந்துவிடுமோ என்று அவள் பயந்திருந்ததும் அந்தத் தெரியாமையைப் பற்றித்தான். அதை இப்போது அவர் ஒரு சலுகையாகத் தந்தது எந்தத் திட்டையும்விடக் கடுமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கோடு போட்ட சாரம் கட்டிய உயரமான மனிதர் ஒருவர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்தார். முன்னறையில் ராஜினி மட்டும்தான் இருந்தாள்.

“அண்டைக்குப் பேர் குடுத்தனான், வீரபாகு. என்ர வகை கிடைக்கிறது கஷ்டம் எண்டு அந்த அம்மா சொன்னவா. ஆள் அனுப்புவினம் எண்டு தோட்டத்துக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தனான். ஒருத்தரும் வரேல்லை. தேவைப்படேல்லையோ பிள்ளை?”

பொய் சொல்லலாம். அவளுக்கு அது தோன்றத்தான் செய்தது.

“தேவைப்பட்டது ஐயா. உங்கட பேரை நான்தான் துலைச்சுப்போட்டன்.”

அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை. அவள் மேசை லாச்சியைத் திறந்து அமராவதியின் பழைய கொப்பியை எடுத்து, அவர் பெயரையும் வகையையும் எழுதி, வீட்டுக்கு வழி கேட்டாள். தருமபுரம் சந்தியால் திரும்பி, வாய்க்கால் தாண்டி, இடப்பக்கம் இரட்டைப் பனை நிற்கிற வளவு. அவர் சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் விடாமல் எழுதினாள். பிறகு கணினியைப் போட்டு அந்த ஒரு பெயரைப் பதிந்து, உடனேயே சேமித்தாள்.