ஆரணியில் டீ குடிக்காத இரண்டு சிஸ்டர்கள்

இந்த வலைப்பதிவைப் படிக்கும் மலேசியத் தோழிகள் சிலர் கல்யாணப் பட்டு எடுக்கத் தமிழ்நாட்டுக்குப் போகிறார்களாம். காஞ்சிபுரத்தோடு ஆரணிக்கும் போய்வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஆரணி எண்பதுகளின் நடுவில் இருந்த ஆரணி. நான் அங்கே போனது சேலை எடுக்கவும் இல்லை. அதனால் கடை விவரம் எதிர்பார்ப்பவர்கள் கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

ஈப்போவில் தட்டச்சு படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் மார்மன் சபையில் சேர்ந்தேன். அந்தச் சபையில் இளவயதினர் ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ சம்பளம் இல்லாமல் வேறு ஊரில் ஊழியம் செய்வது வழக்கம். எந்த ஊர் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. தமிழ் தெரியும் என்பதால் எனக்குத் தமிழ்நாடு வந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் அம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. “அங்க சோறு இல்லாமத்தான் நம்ம ஆளுங்க கப்பலேறினாங்க. நீ திரும்பி அங்கேயே போறியா?” என்றார். ஆனாலும் விமான நிலையத்துக்கு வந்து, என் பையில் ஒரு மைலோ டின்னைத் திணித்துவிட்டுத்தான் போனார்.

சென்னையில் சில மாதங்கள் இருந்த பிறகு எங்களை ஆரணிக்கு மாற்றினார்கள். பாரிமுனையில் பஸ் ஏறி, காஞ்சிபுரம், செய்யார் வழியாக ஏறக்குறைய நாலு மணி நேரம். பன்னிரண்டு ரூபாய்க்குள்தான் டிக்கெட் என்று ஞாபகம். ‘எங்களை’ என்று சொன்னேன் இல்லையா? எங்கள் ஊழியத்தில் தனியாக யாரும் போகக்கூடாது. எப்போதும் ஜோடியாகத்தான். என் ஜோடி சுகுணா, ஐதராபாத்காரி. தெலுங்கு அருவி மாதிரி வரும். தமிழ் சொட்டுச் சொட்டாக வரும். எங்கள் சபையில் ஒருவரை ஒருவர் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவோம். சட்டையில் ஒரு பெயர் அட்டையையும் குத்தியிருப்போம். அதைப் பார்த்த பஸ் கண்டக்டர், “எந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்க சிஸ்டர்?” என்றார். ஆரணியில் நாங்கள் இருந்த காலம் முழுக்க, காய்ச்சல், கட்டி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று யாராவது எங்களைத் தெருவில் நிறுத்திக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் உப்பு சர்க்கரைத் தண்ணீர் ஒன்றுதான்.

தங்கியது கமலம்மா வீட்டு மாடியில். கீழே மூன்று பட்டுத் தறிகள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ் பேசுகிற நெசவாளர் குடும்பம். கமலம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சுகுணாவோடு தெலுங்கில் பேச முடிந்ததால் அவளை முதல் வாரமே சமையலறைக்குள் சேர்த்துக்கொண்டார். எனக்கு அந்தச் சலுகை கிடைக்கக் கொஞ்ச நாளானது. காலையில் அவரைப் பார்த்து, எங்கள் ஊர் வழக்கப்படி “பசியாறியாச்சா?” என்று கேட்பேன். “இன்னா பாஷைம்மா இது?” என்று சிரிப்பார்.

எங்கள் வாரம் இப்படிப் போகும். திங்கட்கிழமை துணி துவைப்பது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது. செவ்வாய், வியாழன் ஊருக்குள் வீடு வீடாகப் போவது. பலர் உட்காரவைத்துப் பேசுவார்கள். மலேசியாவில் என்ன சம்பளம் என்பதுதான் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. புதன் வெளியூர். வெள்ளி படிப்பு. சனிக்கிழமை அந்தத் தெருப் பெண் பிள்ளைகளுக்கு மாடியில் ஆங்கிலப் பாடம். ஞாயிறு அதே மாடியில் ஆராதனை. ஆறேழு பேர் வந்தால் பெரிய கூட்டம். சினிமா கிடையாது, ரேடியோ கிடையாது. டீயும் காபியும் அறவே கிடையாது. இந்தக் கடைசி விதியோடு வட ஆற்காட்டில் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்பது, அங்கே ஒரு வீட்டு வாசலையாவது மிதித்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் சபையில் ரொட்டியை ஆசீர்வதிப்பது ஆண்கள் வேலை என்பதால், மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையை நடத்தச் சென்னையிலிருந்து ஏழுமலை வருவார். அச்சகத்தில் வேலை செய்த இளைஞர். வெள்ளைச் சட்டையும் டையுமாக வந்து, ரொட்டியையும் தண்ணீரையும் ஆசீர்வதித்துக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவார். கமலம்மாவுக்கு அவர்மேல் நல்ல மரியாதை. ஒருநாள் ஏழுமலை எங்களிடம், “எங்க அக்கா படவேட்டாண்ட இருக்குது. ஒரு தடவ போய்ப் பாருங்க சிஸ்டர். சந்தோஷப்படும்” என்றார்.

அடுத்த புதன் போனோம். ஆரணியிலிருந்து படவேடு முப்பது கிலோமீட்டர் இருக்கும். பஸ் குறைவு, காலையில் ஒன்றைப் பிடித்தால் மாலையில் ஒன்று. ரேணுகாம்பாள் கோயிலுக்கு முன்னாலேயே இறங்கி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். ஜவ்வாது மலை கூடவே வரும். அழகான வழி. ஊரைத் தாண்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த தெருவில் அவர் அக்கா அஞ்சலையின் வீடு. தம்பி அனுப்பியவர்கள் என்றதும் அஞ்சலைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“குந்துங்க, குந்துங்க. எந்தம்பி கடுதாசில எழுதிகினே இருந்துச்சு” என்று பாயை விரித்தார். அவர் கணவர் முனுசாமி வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அன்று வேலை இல்லை. பேசிக்கொண்டே இருந்த அஞ்சலை ஒரு நிமிஷம் காணாமல் போனார். கடைக்கு ஓடி, டீத்தூளும் சர்க்கரையும் வாங்கிவந்து, பக்கத்து வீட்டில் பால் கேட்டு வாங்கி, இரண்டு தம்ளர் டீயோடு எங்கள் முன்னால் நின்றார்.

“நாங்க தேத்தண்ணி குடிக்கறது இல்லீங்க” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அஞ்சலை எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு தம்ளர்களை உள்ளே எடுத்துப் போனார். வாசலிலிருந்து முனுசாமியின் குரல் வந்தது. “வுடு புள்ள. ஊருக்குள்ள இருக்கறவங்களும் இதத்தான சொல்றாங்க. ஒருத்தருக்குப் பித்தம்ன்றாங்க. ஒருத்தரு இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்றாரு.” கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று பேசுவதுபோலச் சொன்னார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சு ஒட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நாங்கள் சீக்கிரமே கிளம்பினோம். பஸ் வரும்வரை புளியமரத்தடியில் நின்றபோது சுகுணா சொன்னாள். “அவங்க வீட்டு டீ, அதனால நாம குடிக்கல, அப்படி நினைச்சுட்டாங்க. நாம பெரிய ஜாதி, அப்படி.”

“நாமளா?”

“எங்க அம்மா கையால யாரும் டீ வாங்க மாட்டாங்க. எங்க ஊர்ல. பித்தம்னு சொல்வாங்க.” அவ்வளவு மாதம் ஒரே அறையில் இருந்தும் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்தில் ஜாதி என்பது கல்யாணப் பேச்சில் மட்டும் எட்டிப்பார்க்கும். மற்றபடி எல்லாரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அஞ்சலை பாலுக்காகப் பக்கத்து வீட்டில் நின்றது என் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது.

மறுநாளே திரும்பிப் போக முடியாது. எங்களுக்குப் புதன்தான் வெளியூர். அந்த வாரம் நகரவே இல்லை. “அடுத்த தடவ குடிச்சிடலாம். கடவுள் மன்னிப்பார்” என்றேன். சுகுணா ஒப்புக்கொள்ளவில்லை. “குடிக்க மாட்டோம்னு சொல்லிட்டு அப்புறம் குடிச்சா, அப்போ முதல்ல பொய் சொன்னோம்னு ஆகும். டீ வேணாம். சாப்பாடு கேட்போம்” என்றாள்.

புதன் காலை எதுவும் சாப்பிடாமல் கிளம்பினோம். அஞ்சலை வீட்டில் இல்லை, நடவுக்குப் போயிருந்தார். வரப்பில் நடந்து பழக்கமில்லாத நான் இரண்டு முறை சேற்றில் இறங்கினேன். நடவுப் பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, “இன்னா வேலையா வந்தீங்க?” என்றார்.

நான் மனப்பாடம் செய்துவைத்த விளக்கத்தை ஆரம்பிப்பதற்குள் சுகுணா முந்திக்கொண்டாள். “அக்கா, ஆகலி... பசி. சாப்பாடு இருக்கா?”

அஞ்சலை கையிலிருந்த நாற்றுக் கட்டைக் கீழே வைத்தார். பிறகு சேற்றுக் கையை வாய்க்காலில் அலம்பிவிட்டு மேலே வந்தார். வரப்பில் இருந்த தூக்குச்சட்டியைத் திறந்தார். கேழ்வரகுக் கூழ், வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். ஒரே ஒரு சொம்பு. சுகுணா அதை வாயில் வைத்துக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் குடித்துவிட்டு அஞ்சலையிடம் நீட்டினேன். அவர் வாங்கி மிச்சத்தைக் குடித்தார்.

“அப்ப டீ மட்டும் இன்னாத்துக்கு வேணாம்னீங்க?”

“எங்க சபையில டீ, காபி, சாராயம், சுருட்டு எதுவும் தொடக்கூடாதுங்க. உங்க தம்பியும் குடிக்கறது இல்ல.”

“அவன் குடிக்கறது இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் இங்க வந்து ரெண்டு வருசமாச்சு. அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? குடிக்கறது இல்லன்னீங்க. ஏன்னு சொன்னீங்களா?”

சொல்லவில்லை. அவர் கேட்டது நியாயம். அன்று மாலை பஸ் வரும்வரை எங்களை நடவில் இறக்கிவிட்டார். நாங்கள் நட்ட வரிசையைப் பிறகு அவர் பிடுங்கி மறுபடி நட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். அந்த மாதம் ஏழுமலை வரும் ஞாயிறன்று, யாரும் எதிர்பார்க்காமல், அஞ்சலையும் முனுசாமியும் இரண்டு குழந்தைகளும் முதல் பஸ் பிடித்து ஆரணி வந்துவிட்டார்கள். தம்பி முன்னால் நின்று ஜெபம் சொல்வதைப் பார்க்க வேண்டுமாம். மாடிக்குப் போக கமலம்மா வீட்டுக் கூடத்தைக் கடந்துதான் படியேற வேண்டும். கமலம்மா தறியிலிருந்து எழுந்து வந்தார். ஏழுமலை, “எங்க அக்காங்க” என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. இத்தனை நாள் அக்காவை ஏன் அவர் இங்கே அழைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“எந்த ஊரும்மா?” என்று கமலம்மா கேட்டார். அஞ்சலை ஊரைச் சொன்னார். “அங்க எந்தத் தெரு?” என்றார். அஞ்சலை அதையும் சொன்னார். குரல் தாழவில்லை.

 அப்போது சுகுணா தெலுங்கில் ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை, இரண்டு வாக்கியம்தான். கமலம்மா அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். படியேறும்போது, “என்ன சொன்னே?” என்றேன். “நானும் அதே மாதிரி தெருதான். இத்தனை மாசமா உங்க அடுப்பாண்ட நின்னு சமைச்சேன், அதான் சொன்னேன்” என்றாள். 

அன்று நாங்கள் பாடிய பாட்டு எனக்கு நினைவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்பதே மண்டைக்குள் ஓடியது. ஆராதனை முடிந்து இறங்கினால், கூடத்தில் இலை போட்டிருந்தது. “கொழந்தைங்கள வெறும் வயித்தோட பஸ் ஏத்தாதீங்க” என்றார் கமலம்மா. இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். தண்ணீர், வீட்டில் புழங்கும் சில்வர் தம்ளர்களில் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அஞ்சலை தன் தம்ளரைக் கழுவி வைக்கக் கிணற்றடிக்கு எடுத்துப் போனார். கமலம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். “நீங்க வைங்க. நான் பாத்துக்கறேன்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை, எங்களோடும் பேசவில்லை. சாயங்காலம் முழுக்க நாங்கள் மாடியிலேயே இருந்தோம். விருந்தாளிக்கு ஒருநாள் இலை போடுவது வேறு, தினமும் அடுப்படியில் சேர்த்துக்கொள்வது வேறு என்றாள் சுகுணா.

திங்கள் காலை துணி மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தோம். சமையலறையிலிருந்து கமலம்மாவின் குரல், எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழில் வந்தது. “சுகுணா, உளுந்து ஊறிகினு கெடக்குது. வரியா, நானே ஆட்டிக்கட்டுமா?” சுகுணா மூட்டையை என் தலையில் வைக்காத குறையாகத் தள்ளிவிட்டு ஓடினாள். அன்று இரண்டு பேர் துணியையும் நான்தான் துவைத்தேன். அதைப்போல சந்தோஷமாக நான் துணி துவைத்ததே இல்லை.

அஞ்சலை எங்கள் சபையில் சேரவில்லை. தம்பியைப் பார்க்க இன்னும் சில ஞாயிறுகள் வந்தார். கமலம்மா ஒருமுறை அவரிடம் படவேட்டு வாழைத்தார் கேட்டு வாங்கினார். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் முணுமுணுத்தார்கள் என்றும், கமலம்மாவின் கணவர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் பிறகு தெரிந்தது. கமலம்மா அதை எங்களிடம் சொன்னதே இல்லை. ஊர் திருந்திவிட்டது என்றெல்லாம் நான் எழுத வரவில்லை. பிறருக்கு ஏதோ கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று கிளம்பிய வயதில், மூன்று பெண்கள் எனக்கு முன்னால் துணிந்து நடந்துகொண்டதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது. அதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

இனி போகிறவர்களுக்கு. இப்போதைய பஸ் கட்டணம் எனக்குத் தெரியாது. சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆரணி போய்விடலாம். கடையில் பட்டு எடுக்கும் முன் யாராவது தறிக்காரரிடம் கேட்டு, நெய்வதை ஒருமணி நேரம் பாருங்கள். பிறகு பேரம் பேச மனசு வராது. படவேட்டுக்குப் போனால் திரும்பும் பஸ் எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஏதாவது குடிக்கத் தருவார்கள். உங்களுக்கு ஆகாதது என்றால் ஏன் ஆகாது என்பதைச் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் இருக்கும் வேறு எதையாவது நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.