கனம் போதாத பெட்டி

வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று இரண்டு ரேடியோக்களையும் ஏந்தி, தராசுத் தட்டுபோல ஏற்றி இறக்கிப் பார்த்தார் மொத்த வியாபாரி தூ. வலதில் இருந்தது தெருவின் எதிர்ச்சாரியில் பட்டறை வைத்திருக்கும் ஷி செய்த அலுமினியப் பெட்டி. இடதில் இருந்தது அவர் முன்னால் நின்ற யூலானின் பிளாஸ்டிக் பெட்டி.

"என்ன தங்கச்சி இது, ஊதினா பறந்துடும் போலிருக்கே."

"ரெண்டையும் போட்டுக் கேளுங்க முதலாளி. அவன் பெட்டியில பாட்டு வருதான்னு பாருங்க."

அலுமினியத்தில் வெறும் இரைச்சல். உலோகம் அலையை உள்ளே விடவில்லை. பிளாஸ்டிக்கில் கேண்டன் நாடகப் பாட்டு கணீரென்று வந்தது. தூ தலையாட்டினார். ஆனாலும் கனமான பெட்டியைக் கீழே வைக்க அவருக்கு மனமில்லை.

"பூங்காவுல நடக்கிற கிழவங்களுக்கு விக்கிறேன். கடையில கையில தூக்கிப் பாப்பாங்க. பாட்டெல்லாம் வீட்டுக்குப் போனப்புறம்தான். சாயங்காலம் வர்றேன். அவன் பாட வைக்கட்டும், நீ கனமாக்கு. எது தேறுதோ அதுக்கு ஆர்டர்."

அந்த ஆர்டர் வராவிட்டால் யூலானின் பிளாஸ்டிக் வார்க்கும் புது மோல்டிங் மெஷின் போய்விடும். வாடகைக்கு எடுத்தது. உடைமைக்காரர் லாரிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

ஹூனானிலிருந்து டோங்குவானுக்கு வந்தபோது அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, பிளாஸ்டிக் மூடிகளுக்கு வெள்ளிப் பூச்சு அடித்து உலோகமாகக் காட்டுவது. பூச்சு அறையில் பக்கத்தில் நின்ற ஹேயைக் கல்யாணம் செய்துகொண்டாள். இருவருமாக ஒரு பழைய மெஷினை வாங்கிக் கொட்டகை போட்டார்கள். ஷி ஒரு பெட்டியைக் குடைந்து முடிப்பதற்குள் அவள் ஒரு கூடை நிரப்பிவிடுவாள். பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகும், அலுமினியம் குளிரில் விரலைக் கடிக்கும். வாங்குகிறவர்கள் இரண்டையும் கேட்பதில்லை. கனத்தைத்தான் கேட்கிறார்கள்.

கனமாக்க அந்தத் தெருவில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். உள்ளே ஓர் இரும்புத் தகட்டை ஒட்டுவார்கள். ஹெட்போனில் உண்டு, சார்ஜரில் உண்டு. அதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. யூலானும் ஒரு தகட்டை எடுத்துப் பெட்டியின் மேல்பக்கம் வைத்துப் பார்த்தாள்.

"அங்க ஒட்டாத. ஆன்டெனா இருக்கு" என்றான் ஹே, பாக்கை மென்றுகொண்டே. "வேற எடம் பாரு."

"வேற எடம் எங்க இருக்கு? ஒரு பக்கம் பேட்டரி, ஒரு பக்கம் ஸ்பீக்கர். உன் வாய்க்குள்ள வைக்கலாம்னா அங்கயும் பாக்கு."

ஒட்டி, மூடி, போட்டுப் பார்த்தார்கள். கரகரத்தது.

"பாத்தியா?" என்றான் ஹே.

"மெஷின் ஓடுதுல்ல, அந்த இரைச்சல். நிறுத்தினா சரியாயிடும்."

சாயங்காலம் வந்த தூ பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்பத்தான் சாமான் மாதிரி இருக்கு."

யூலான் மெஷினை நிறுத்தினாள். பெட்டி அப்போதும் கரகரத்தது. தூ முள்ளை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பினார். ஒரு நிலையமும் வரவில்லை. அவள் ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பி, அவர் கண் முன்னாலேயே தகட்டைப் பிய்த்தெடுத்தாள். பாட்டு வந்தது.

தூ தகட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை மறுபடி கையில் ஏந்தினார்.

"திரும்பவும் காலி டப்பாதானே தங்கச்சி."

எதிர்ச்சாரிக்குப் போனார். ஷி தன் பெட்டியின் மேல் விளிம்பை அறுத்தெடுத்து, அங்கே பிளாஸ்டிக் பட்டை பொருத்தியிருந்தான். பாட்டு கொஞ்சம் மங்கலாக வந்தது, ஆனால் வந்தது.

"பாடுது, கனக்குது" என்று தூ சொன்னது இந்தப் பக்கமும் கேட்டது.

மறுநாள் காலை லாரி வந்தது. மெஷினை ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. ஹேயும் ஒரு கை கொடுத்தான். மெஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. யூலான் அதில் மரத்தூள் தூவிக் கூட்டினாள். பத்து மணிக்கு ஷி வந்தான்.

"அக்கா, மேல் பட்டை நெறைய வேணும். ஊத்தித் தருவீங்களா?"

அவள் அளவு கேட்டாள். பழைய மெஷின் சூடாக நேரம் பிடித்தது. அதற்குள் அவளும் ஷியும் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டார்கள்.