எட்டின் மேல் எழுதிய பத்து

கம்ப்யூட்டரில் வீட்டுப் படம் வரைவதுதான் என் பிழைப்பு. ஆலங்காயத்தில் ஓர் எஞ்சினியரின் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, ஊர் உலகத்துக்கெல்லாம் ஹாலும் சமையலறையும் பிரித்துக் கொடுக்கிறேன். அந்த சாப்ட்வேரில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வரைந்த கோட்டின் இந்த முனையில் ஒரு க்ளிக், அந்த முனையில் ஒரு க்ளிக். நீளம் என்னவோ அதைச் சொல்லிவிடும். அறையின் மூலைகளைச் சுற்றிக் காட்டினால் பரப்பளவையும் சொல்லும். ஆள் பார்த்துப் பேசத் தெரியாத ஜென்மம். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

எங்கள் சாருக்கு அந்த மரியாதை கிடையாது. வந்தவர் அரை அடி கூட்டச் சொன்னால் சுவரை நகர்த்த மாட்டார். படத்தில் போட்டிருக்கும் அளவின் மேல் இரண்டு தட்டு தட்டி, வேண்டிய எண்ணை டைப் அடித்துவிடுவார். கோடு பழையபடியே கிடக்கும், எண் மட்டும் மாறியிருக்கும். எனக்கு இது அறவே ஆகாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

“மேஸ்திரி எழுத்தப் பாத்துதாம்மா கட்டப் போறாரு, கோட்டையா அளந்து பாக்கப் போறாரு?” என்பார் சார்.

அதுவும் உண்மைதான். எங்கள் தாள் ஒவ்வொன்றின் அடியிலும், ‘படத்தின்மேல் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம், எழுதியிருக்கும் அளவே செல்லும்’ என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். வீடு கட்டுகிறவர்கள் யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது மலைமேல். பழைய வீட்டில் அவளுடைய சமையலறை, சாமை மூட்டையும் மிக்ஸியும் போக மிச்சமிருக்கும் சந்துதான். யாராவது தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தால் அவள் அடுப்பை விட்டு எழுந்து வெளியே வரவேண்டும். புது வீடு கட்டுவது என்று முடிவானதும் எனக்கு போன் செய்தாள்.

“எனக்கு வேற இன்னாவும் வோணாம். சமையக்கட்டு மட்டும் பத்துக்குப் பத்து வோணும். சொல்லிட்டேன்.”

அக்கா வீட்டுக்காரரான மாமாவின் கனவு வேறு. வாணியம்பாடியில் ஒரு கடையில் அவர் சோபா பார்த்து வைத்திருந்தார். நடுவில் பெரியது ஒன்று, இரண்டு பக்கமும் ஒற்றை ஒற்றை. மூன்றையும் ஒரே வரிசையில், கல்யாண மேடை மாதிரி, டிவியைப் பார்த்துப் போட வேண்டும். வீட்டுக்கு உள்நீளம் மொத்தமே இருபத்திரண்டு அடி. சோபா வரிசைக்கு ஹால் பதினாலு வேண்டும். சமையலறைக்கு எட்டுதான் மிஞ்சும்.

ஆபீஸுக்கு வந்த மாமா என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து ரகசியம் பேசினார்.

“பாப்பா, ஹாலு பதினாலே இருக்கட்டும். சமையக்கட்டுல பத்துன்னு எழுதிடு. உங்கக்கா நம்பரத்தான் பாத்துக்குவா. கட்டி முடிச்ச பெறகு டேப்பு வச்சா அளக்கப் போறா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவளை ஏமாற்ற என்னிடமே வந்து நிற்கிறாரே என்று வாய்வரை வந்த வார்த்தையை சார் இருந்ததால் விழுங்கினேன். சார் சிரித்துக்கொண்டே, “போட்டுக் குடும்மா, வூட்டுக்காரர் சொல்றாருல்ல,” என்றார். எட்டின் மேல் இரண்டு தட்டு தட்டினேன். பத்து ஆயிற்று.

மாமா அத்தோடு போயிருக்கலாம். படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார்.

“ஹால்ல பதினாலுன்னு போட்டு கீதே, அத எடுத்துடு. கூட்டிப் பாத்தாள்னா மாட்டிக்குவேன்.”

ஹாலின் அளவையும் எடுத்தேன். இப்போது தாளில் இருந்த நீளங்கள் இரண்டே இரண்டு: மொத்தம் இருபத்திரண்டு, சமையலறை பத்து. தாளின் அடியில் அந்த வரி. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பிரிண்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சொன்னதைத்தான் செய்தேன், ஒரு எழுத்து கூட நானாகச் சேர்க்கவில்லை.

சுவருக்கு நூல் பிடித்த அன்று மாமா மலையில் இல்லை. சோபாவுக்கு முன்பணம் கொடுக்க வாணியம்பாடிக்குப் போயிருந்தார். மேஸ்திரி தாளைப் பார்த்தார், பின் சுவரிலிருந்து பத்தடி அளந்தார், நூலைக் கட்டினார். மிச்சம் ஹால். மாமா அடுத்தடுத்த வேலைகளில் அலைந்துவிட்டு நிதானமாக வந்து பார்த்தபோது நடுச்சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது.

மறுநாளே ஆபீஸில் வந்து நின்றார்.

“இன்னா பாப்பா படம் போட்ட? ஹாலு பன்னண்டு அடிதான் வருது!”

நான் படத்தைத் திறந்தேன். இந்தச் சுவரில் ஒரு க்ளிக், அந்தச் சுவரில் ஒரு க்ளிக். எட்டு என்றது கம்ப்யூட்டர்.

“நான் போட்டது எட்டுதான் மாமா. பத்துன்னு எழுதச் சொன்னது நீங்க. மேஸ்திரி எழுத்தப் பாத்து கட்டிட்டாரு. வோணும்னா அக்காகிட்ட விசயத்தச் சொல்லி செவுத்த இடிச்சிடலாமா?”

மாமா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். மழையும் இல்லை, அந்நேரத்துக்கு மலைக்கு பஸ்ஸும் இல்லை.

புதுமனை புகுவிழா அன்று சோபா வந்து இறங்கியது. பெரியதும் ஒற்றையில் ஒன்றும் வரிசையில் உட்கார்ந்தன. இன்னொரு ஒற்றைக்கு இடமில்லை. வாசலை மறித்துப் போட்டுப் பார்த்தார்கள், டிவிக்கு முன்னால் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அக்காதான், “சமையக்கட்டுல எடம் கெடக்குதே, இங்க கொண்டாங்க,” என்றாள்.

சில மாதம் கழித்து நான் போனபோது மாமா என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

“அந்த எட்டு இன்னும் கம்ப்யூட்டர்ல கீதா? அழிச்சிடேன்.”

“அழிக்க மாட்டேன் மாமா, பத்திரமா கீது. பலாப்பழம் பழுத்திருக்கு போல, வாசன தூக்குது?”

மாமா கத்திக்கு எண்ணெய் தடவப் போனார். சமையலறை ஜன்னலோரம் அந்த ஒற்றைச் சோபாவில் அக்கா காலை மடக்கி உட்கார்ந்து, முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் எதிரே தரையில் கால் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குடத்தோடு ஒருத்தி உள்ளே வந்தாள். அக்கா எழுந்திருக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

பலாவை அறுத்துக்கொண்டு வந்த மாமாவுக்கும் அங்கேதான் உட்கார ஆசை.

“கொஞ்சம் எந்திரி, நான் குந்துறேன்.”

அக்கா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஹால்லதான் வரிசையா போட்டு கீதே, அங்க போய் குந்துங்க.”