கேரியரில் ஏறிய கனம்

நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எனக்கு இது நடந்தது. அதுவும் நள்ளிரவில் இல்லை, பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சி வேளையில். கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் மணி தவறாமல் சொல்கிறேன்.

என் பெயர் பஷீரா, ஊர் வாணியம்பாடி. 1963-ல் எனக்கு இருபத்தாறு வயது. சைக்கிள் ஓட்டுகிற பெண் என்று எங்கள் தெருவில் ஏற்கெனவே பெயரைக் கெடுத்துக்கொண்டவள். "இவளை எவன் கட்டுவான்?" என்று அண்ணன் ஃபரூக் கேட்டான். கட்டாவிட்டால் போகட்டும் என்று பிரசவம் பார்க்கும் நர்ஸ் வேலைக்குப் படித்தேன். சைக்கிளை மூங்கில் லாரியில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்தேன். ஜமுனாமரத்தூரில் வேலை. வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

மே மாதம் 14-ம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை 10:45-க்கு ஓர் ஆள் ஓடி வந்தார். பெயர் ராஜாக்கண்ணு, ஊர் புளியங்குட்டை. வேட்டியெல்லாம் முள் கிழித்திருந்தது.

"நர்ஸம்மா, எம் பொஞ்சாதி பாஞ்சாலிக்கு வலி. ராவெல்லாம் துடிக்கிறா. தலச்சன் புள்ள."

அவர் வந்தது மலை ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதை. நடந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆற்றை ஒட்டி இன்னொரு வழி உண்டு. மூங்கில் வண்டிகள் போவதற்காகப் போட்ட சரளை ரோடு, எட்டு மைல். சைக்கிளில் இரண்டு மணி நேரம்.

"நீங்க வந்த வழியிலயே வாங்க. நான் ஆத்து ரோட்ல முன்னால போய்டறேன்," என்றேன்.

அவர் நகரவில்லை.

"பாதி வழியில புளிய மரத்தாண்ட சுமைதாங்கி கல்லு இருக்குதுங்க. எறங்கி, பையை அது மேல ஒரு தரம் வச்சிட்டு, அப்பால எடுத்துக்கினு போங்க."

"வைக்காட்டி இன்னா?"

அவர் தரையைப் பார்த்தார்.

சுமைதாங்கி தெரியும்தானே? வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக வழியோரம் நடுகிற கல். இரண்டு கல் நிற்கும், மேலே ஒன்று படுத்திருக்கும். போகிறவர்கள் சுமையை அதில் இறக்கி வைத்தால், இறக்காமல் போனவளின் பாரம் கொஞ்சம் குறையும் என்பார்கள். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் பிரசவப் பை கேரியரில் பழைய டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்துக் கட்ட ஐந்து நிமிஷமாவது ஆகும். அங்கே உயிரோடு ஒருத்தி துடிக்கிறாள். செத்தவளுக்கு மரியாதை செய்யப் போய் இருக்கிறவளை விட்டுவிடுவதா?

11 மணிக்குக் கிளம்பினேன். சரளையில் சைக்கிள் விட ஒரு முறை இருக்கிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட வேண்டும். வண்டிச் சக்கரம் அழுத்திய தடத்தை விட்டு விலகக் கூடாது. இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. இடது பக்கம் கீழே ஆறு, பாறைகளுக்கு நடுவே ஒரு முழம் தண்ணீர். வழியில் ஆள் இல்லை. ஆடு மாடுகூட நிழலுக்குப் போய்விட்டிருந்தன.

12:04. புளிய மரம் வந்தது, கல்லும் வந்தது. நான் இறங்கவில்லை. சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்தேன். என்னால் முடிந்த மரியாதை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

க்ளிங்... க்ளிங்...

பத்து மிதி மிதித்திருப்பேன். கேரியர் ஸ்பிரிங் 'கிறீச்' என்றது. பெடல் கல்லாகிவிட்டது.

பஞ்சர் என்று இறங்கிப் பார்த்தேன். டயரில் காற்று விட்ட அளவு அப்படியே இருந்தது. பையும் கட்டியபடியே இருந்தது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். கல் வரைக்கும் என் சக்கரத் தடம் மேலோட்டமாக ஒரு கோடு. கல்லுக்கு இந்தப் பக்கம்... இரண்டு விரல் ஆழம்.

ஏறி மிதித்தேன். வேறு என்ன செய்வது?

12:11. முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு.

இழுத்து... அடக்கி... நடுங்கி... விட்டது.

காற்று இல்லை அது. அந்த மூச்சு என் தொழில். நூறு பெண்களிடம் கேட்டிருக்கிறேன். பிரசவ வலி.

12:16. மறுபடியும்.

12:20. மறுபடியும்.

இடுப்பில் ஏதோ பிடித்தது. ஐந்து விரல். அந்த வெயிலிலும் ஆற்றுக் கல் மாதிரிச் சில்லென்று... வலி வரும்போது இறுக்கியது. வலி போனதும் தளர்ந்தது.

பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஓதத் தெரிந்ததெல்லாம் மறந்துபோனது. ஆனால் பயத்தோடு கூடவே எனக்குக் கோபமும் வந்தது. வாணியம்பாடித் தெரு முழுக்க முறைத்தபோதே இறங்காதவள், இதற்கா இறங்குவேன்?

"யாரா இருந்தாலும் சரி," என்றேன். திரும்பவில்லை. "எனக்கு எறங்க நேரமில்ல. அங்க ஒருத்தி காத்துக்கினு இருக்கா. வர்றதுன்னா சும்மா குந்திக்கினு வா."

12:23. விரல் இறுகியது. மூச்சு அடைத்தது... விடவே இல்லை.

வாய் தானாகத் திறந்தது. பழக்கம்.

"மூச்சை வுடு. முக்காத. இன்னும் நேரம் இருக்குது."

மெல்ல... மெல்ல... மூச்சு வெளியே வந்தது.

நான் சொன்னது அதற்குக் கேட்டது.

12:38. ரோடு ஆற்றுக்குள் இறங்கும் இடம். இறங்கித் தள்ளினேன். கணுக்கால் தண்ணீர். அதில் என் நிழல், சைக்கிள் நிழல். வேறு எதுவும் இல்லை. பின் சக்கரம் மட்டும் மணலில் புதைந்தது.

தள்ளினேன். அழுதுகொண்டே தள்ளினேன். விடவில்லை.

12:47. "மூச்சை வுடு."

12:49. "முக்காத."

12:51. நீளமாக ஒன்று...

பிறகு அமைதி.

காத்திருந்தேன். எந்த நர்ஸும் காத்திருப்பதற்குத்தான்.

குழந்தையின் அழுகை வரவில்லை.

1:03. புளியங்குட்டையின் முதல் வீடு தெரிந்தது. கேரியர் 'கிறீச்' என்றது. கனம் சட்டென்று போனது. போன வேகத்தில் நான் சைக்கிளோடு விழப் பார்த்தேன்.

ராஜாக்கண்ணு வீட்டுக்குள் ஓடினேன். பாஞ்சாலி தூங்கிக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் துடித்தவள், குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். வலி பாதியில் நின்றுபோனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

"எப்ப நின்னுச்சி வலி?"

அவள் தாய் மங்கம்மாள் வாசலைக் காட்டினாள். "நெழலு காலாண்ட வந்தப்ப நின்னுச்சிங்க. உச்சிப்பொழுது."

நான் பாஞ்சாலி வயிற்றில் கை வைத்தேன். அந்த நொடியே வலி திரும்பி வந்தது, விட்ட இடத்திலிருந்து இல்லை, முடிகிற இடத்திலிருந்து. 2:20-க்குப் பெண் குழந்தை. பிறந்ததும் வீடு அதிர அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

2:45-க்கு ராஜாக்கண்ணு வந்தார். குழந்தையைப் பார்க்கும் முன் சைக்கிளைப் பார்த்தார்.

"கல்லு மேல பையை வச்சீங்களா?"

"வைக்கல."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் சொன்னார். அது அவர் நட்ட கல். முதல் மனைவி அம்சவல்லிக்காக. பாஞ்சாலியின் கூடப் பிறந்த அக்கா. ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்கு வலி கண்டபோது, மலைக்குக் கீழே இருந்த ஒரு நர்ஸ், தான் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இரவெல்லாம் காத்திருந்தார்கள். வரவில்லை. விடிந்ததும் டோலி கட்டி ஆற்று ரோட்டில் தூக்கிப் போனார்கள். உச்சி வேளையில் புளிய மர நிழலில் இறக்கி வைத்தார்கள். மறுபடி தூக்கவில்லை.

பையைக் கட்டிக்கொண்டு, கிளம்பும் முன் பாஞ்சாலியைப் பார்க்கப் போனேன். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வழியெல்லாம் சொல்லிக்கினே வந்தீங்களே நர்ஸம்மா, மூச்சை வுடு, முக்காதன்னு. தூக்கத்துல எனக்கு நல்லா கேட்டுச்சி."

"உனக்கா சொன்னேன்?"

"எனக்கு இல்லீங்க," என்றாள். "அக்காவுக்கு."

அதன் பிறகு பதினோரு வருஷம் அந்த ரோட்டில் போய் வந்தேன். ஒரு நாளும் பையை இறக்கி வைக்கவில்லை. மரத்தடியில் மணி மட்டும் இரண்டு தரம் அடிப்பேன். கேரியர் கனத்த நாட்களில் எந்தத் தாயும் சாகவில்லை.

கனக்காத நாள் ஒன்றே ஒன்று.