பெருக்கிவிட்ட பாத்தி

என் கணவர் போன பன்னிரண்டாம் நாள் நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். ஐப்பசியில் ஒரகடம் ரோட்டில் வண்டியில் வந்தவரை லாரி தட்டிவிட்டது. அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. லைனில் எனக்கு ஒயர் கட்டும் வேலை, கை தானாக ஓடியது. "பரவால்லியே, தைரியமா கீறீங்க," என்றார் சூப்பர்வைசர். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. வேண்டாததை வெளியே போடு, வேண்டியதை இடத்தில் வை, துடை என்று சுவரெல்லாம் ஒட்டியிருப்பார்கள். ஒன்பது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் அது வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். வடக்குப்பட்டில் எங்கள் வாடகை அறையிலிருந்து அவருடைய சட்டை, செருப்பு, ஷேவிங் செட் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன். அறை பளிச்சென்று ஆனது. கோவில்பட்டியிலிருந்து வந்த நாத்தனார் அதைப் பார்த்த பிறகு என்னிடம் பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

பக்கத்து அறைப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போன இடம்தான் அந்தப் பெர்மாகல்ச்சர் வகுப்பு, இயற்கை முறையில் மண்ணை வளர்த்துப் பயிர் வைக்கச் சொல்லிக்கொடுப்பது. நடத்தியவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாலாஜாபாத்துக்காரி. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்துவிட்டு வேலையை விட்டவள். அவள் புருஷன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடேற்றிய ஒரு காலி இடத்தை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, இரண்டு பேரும் மூன்று வருஷமாக அங்கே மண் செய்துகொண்டிருந்தார்கள். மண்ணை யாராவது செய்வார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கம்பெனித் தோட்டங்களில் பெருக்கி, மூட்டை கட்டி, கேட்டில் வைக்கும் சருகை அவர் பஸ்ஸின் பின்சீட்டில் போட்டுக் கொண்டுவருவார். அவள் அதைப் பாத்தியில் செடிகளைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்புவாள். வெயில் மண்ணைத் தொடாமல் இருக்க. மூடாக்கு என்று அதற்குப் பெயர்.

இடத்துக்காரர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வைகாசி முடிவில் வந்து பார்ப்பேன், இந்த ஜல்லிக்காட்டில் பச்சை நின்றால் இடத்தில் நீங்களே இருங்கள், இல்லாவிட்டால் லாரி நிறுத்த விட்டுவிடுவேன் என்று. மூன்று வருஷ உழைப்பும் அந்த ஒரு பார்வையில்தான் இருந்தது. வருகிற எல்லாரிடமும் அவள் அதைச் சொல்லியிருந்தாள்.

அது தெரிந்தும்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து அங்கே போனேன். யாரும் இல்லை. வகுப்பில் எனக்கென்று ஒதுக்கிய பாத்தியில் கத்தரி நாற்றுகளைச் சுற்றி ஒரே சருகு. விளக்குமாறு ஒன்று சாத்தியிருந்தது. அரைமணி நேரத்தில் பாத்தியைச் சுத்தமாகப் பெருக்கி, சருகை மூட்டை கட்டி, ரோட்டோரக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். ஒரு உதவியாக இருக்கட்டும் என்று பக்கத்துப் பாத்தியையும் பெருக்கினேன். மூடாக்கு பற்றி இரண்டு வகுப்பு கேட்டவள்தான் நான். காதுக்குள் போனது கைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாத்தியிலும் பாதி நாற்று கருகிக் கிடந்தது.

"யாரு வேல இது?" என்று அவள் கேட்டாள்.

"நாந்தாம்மா. குப்பையா கெடக்கேன்னு பெருக்கிட்டேன்."

வகுப்பே என்னைப் பார்த்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. என் கையைப் பிடித்து விரலை நான் பெருக்கிய மண்ணில் வைத்து அழுத்தினாள். பிறகு நான் பெருக்காத வேறொரு பாத்தியின் சருகுக்குள் விட்டாள்.

"இன்னா தெரியுதுக்கா?"

"அது சுடுது. இது குளுந்து கெடக்கு."

"அவ்ளோதான் இன்னிக்கி கிளாஸு," என்றாள் எல்லாரையும் பார்த்து. "ஃபைவ் எஸ்ஸுல நானும் ப்ரைஸ் வாங்கினவதான். வூட்டுல பழைய காட்டன் துணி இருந்தா எட்த்துக்கினு வாங்க. நனைச்சிப் போர்த்தி, அதும்மேல சருகு போடலாம். மீதி பொழச்சிக்கும்."

என் அறையில் பழைய துணி ஏது? எல்லாவற்றையும்தான் அப்புறப்படுத்தியாகிவிட்டதே. தேடியதில் தரை துடைக்கும் துணி ஒன்று வாளியில் கிடந்தது. பிழிந்து விரித்தபோதுதான் பார்த்தேன், அவருடைய பனியன். ஐந்து மாதமாக அதில்தான் தரை துடைத்திருக்கிறேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கொண்டுபோய் நாற்றுகளுக்கு நடுவில் போர்த்தி, மேலே சருகைப் பரப்பினேன். அவள் புருஷன் நான்கு மூட்டை சருகைக் கூடுதலாக இறக்கிவிட்டு, என்னை எதுவும் கேட்காமல் டிரிப்புக்குப் போனார்.

சித்திரை முழுக்க ஷிஃப்ட் விட்டதும் அங்கே போய்த் தண்ணீர் ஊற்றினேன். செடிமேல் பாசமெல்லாம் இல்லை, செய்த தப்புக்காக. மிஞ்சிய நாற்று பிடித்துக்கொண்டது. காய்க்கவும் செய்தது.

சொன்னபடி இடத்துக்காரர் வந்தார். எல்லாப் பாத்தியையும் சுற்றினார். ஒரு கத்தரிக்காயைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா கீது. ஆனா லாரிக்காரங்களுக்கு நேத்தே வாக்கு குட்த்துட்டேன். தப்பா நினைச்சிக்காத."

என் தப்பால் இடம் போகவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் குனிந்து பாத்தியில் ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

"சரிண்ணா. மண்ண மட்டும் எட்த்துக்கினு போவட்டா?"

"மண்ணா? தாராளமா எட்த்துக்கோ," என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு கடைசி வகுப்பு. ஆளுக்கொரு அரிசிச் சாக்கு கொண்டுவரச் சொன்னாள். மேல்மண்ணை எப்படி அள்ள வேண்டும், ஈரம் போகாமல் எப்படிக் கட்ட வேண்டும் என்று எப்போதும்போல நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். "மாடியில கொட்னாலும் சரி, வாசல்ல கொட்னாலும் சரி. நாம செஞ்ச மண்ணு இது, அங்கயும் வேல செய்யும்," என்றாள்.

என் பாத்தியை நானே அள்ளினேன். பனியன் போட்ட இடத்தில் கையை விட்டேன். துணி இல்லை. கருப்பு மண்ணும் மண்புழுவும்தான் வந்தது. நைலான் நூலில் தைத்திருந்த கழுத்துத் தையல் மட்டும் மக்காமல் வளையமாகக் கையோடு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் போன நாளிலிருந்து வராத அழுகை, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு வந்தது.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அடங்கும்வரை முதுகில் கை வைத்திருந்தாள். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அத்த வெளிய போட்டுடுக்கா. நைலானு, மக்காது."

"வேண்டாம்மா," என்றேன். "அது கெடந்துட்டுப் போகுது."

சாக்குக்குள் மண்ணோடு அதையும் போட்டுக் கட்டினேன்.