றொனால்ட் வெட்டிய பாதை

இசபெல் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண். கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டுப் போனவளுக்கு அதன்பிறகு ஒரு கல்லறைத் திருநாளுக்கும் லீவு கிடைக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் தம்பி றொனால்டுக்குப் போன் எடுப்பாள். "மெழுகுதிரி கொளுத்திட்டேன்க்கா" என்பான். அதை நம்பித்தான் நிம்மதியாக இருந்தாள்.

இதற்கிடையில் டவுனை ஒட்டிய எங்கள் தோட்டத்துக் காட்டைப் பூங்காவாக்கினார்கள். மயானமும் அதற்குள் போய்விட்டது. கல்லறைகள் அப்படியே இருக்கும் என்றார்கள். மரைமானும் மந்தியும் உலாவும் இடமாம், சத்தம் போடக்கூடாதாம். மிருகத்துக்கு இருக்கிற மதிப்பு எங்கள் பிணத்துக்கு இல்லை; கேட்க நாதியும் இல்லை. பாதை வெட்ட லயத்து ஆட்களைத்தான் பிடித்தார்கள். றொனால்டும் போனான், அங்கேயே நிரந்தரமாகிவிட்டான்.

போன வருடம் இசபெல் வீட்டுக்காரியோடு சண்டை போட்டு லீவு வாங்கி வந்தாள். அம்மாவுக்குத் தன் கையால் ஒரு திரி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. துணைக்கு என்னையும் அழைத்தாள். றொனால்ட் காக்கிச் சட்டையோடு முன்னால் நடந்தான்.

பாதை பிரிந்தது, மறுபடி பிரிந்தது. குளத்தைச் சுற்றி, மூங்கில் புதருக்குள் நுழைந்து வெளியே வந்தால் மறுபடி அதே குளம். ஒரு மரை எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேயத் தொடங்கியது. அட்டை கடித்து இசபெலின் காலெல்லாம் இரத்தம். றொனால்ட் இந்தப் பக்கம் என்றான், பிறகு அந்தப் பக்கம் என்றான். அவள் நின்றுவிட்டாள்.

"நீ வெட்டுன பாதையில உனக்கே வழி தெரியலயாடா?"

அவன் தலை தொங்கியது. "இங்கதான்க்கா" என்று காலடியைக் காட்டினான். "பாதைக்குக் கயிறு புடிச்சுக் காட்டுனாங்க. அம்மா மேலதான் போச்சு. முடியாதுன்னா வேல போயிரும். குருசப் புடுங்கிட்டு நான்தான் கொத்துனேன்."

காலையிலிருந்து அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப மிதித்திருக்கிறோம். எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. இசபெல் அழவில்லை. பாதை நடுவே மண்டியிட்டு மெழுகுதிரியைக் கொளுத்தினாள்.

அப்போது தொப்பியும் கமராவுமாக ஒரு கூட்டம் வந்தது. றொனால்ட் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.

"அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க. ஆளுங்க போகணும்."

அவள் திரியை ஊதி அணைத்துவிட்டு ஒதுங்கினாள். அவர்கள் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லிவிட்டு, வரிசையாக அம்மாவை மிதித்துக்கொண்டு போனார்கள்.